டிரா என்றால் தோல்வியா?

செஸ் போட்டியில் ஓர் ஆட்டம் டிரா ஆனால், "அட, ஒண்ணுமே நடக்கலையா?" என்று கேட்போர் உண்டு. நடந்தது என்ன என்று ஒரு நிஜ ஆட்டத்தில் பார்ப்போமா?

2013 நவம்பர் 9, சென்னை. உலக சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டம். நம்ம ஆனந்துக்குக் கறுப்பு. நார்வேயின் 22 வயது கார்ல்சனுக்கு வெள்ளை.

கார்ல்சன் நடு சிப்பாயைத் தள்ளாமல் குதிரையை எடுத்தார். பிறகு ஓரத்தில் ஜி சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அந்த இடத்தில் பிஷப்பை வைத்தார். ஆனந்தும் அதையே செய்தார். இருவரும் கோட்டை கட்டினார்கள். 6 நகர்த்தல் முடிந்தபோது இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி! ஒரே வித்தியாசம்: வெள்ளைக்கு பி சிப்பாய் நகர்ந்திருந்தது, கறுப்புக்கு சி சிப்பாய்.

காப்பியடித்தே ஆடிவிடலாமா? முடியாது. எதிராளி செக் வைத்தால் நாமும் செக் வைக்க முடியாதே, முதலில் ராஜாவைக் காப்பாற்றணும்!

13வது நகர்த்தலில் வெள்ளை ராணி பி3க்கு வந்து, சி4இல் இருந்த கறுப்புக் குதிரையைத் தாக்கியது. குதிரை ஏ5க்குத் தாவி ராணியைத் தாக்கியது. ராணி ஏ3க்கு ஒதுங்கியது. குதிரை திரும்ப சி4 வந்து மறுபடி தாக்கியது. ராணி மறுபடி பி3... இப்படியே துரத்தல். 16 நகர்த்தலில் டிரா! ஆளுக்கு அரைப் புள்ளி. முதலில் ஆடும் வெள்ளைக்குத்தான் சற்று வசதி என்பதால், கறுப்பில் கிடைத்த அரைப் புள்ளி ஆனந்துக்கு நல்லதே. (கடைசியில் 6½–3½ என்று கார்ல்சன் பட்டம் வென்றார்.)

இதில் நமக்கு என்ன? ஒரே நிலை, அதே ஆள் ஆடும் முறையில், மூன்று தடவை வந்தால் டிரா கேட்கலாம். தொடர்ந்து வரணும் என்றுகூட இல்லை. ஆனால் நாமதான் கேட்கணும்! நம் நகர்த்தலால் மூன்றாம் தடவை வரப்போகிறது என்றால், காயைத் தொடாமல், அந்த நகர்த்தலைத் தாளில் எழுதிவிட்டு நடுவரைக் கூப்பிடணும். காயைத் தொட்டுவிட்டால் அந்த முறைக்கு உரிமை போச்சு.

ஆகவே கள்ளக்குறிச்சியானாலும் கல்வராயன் மலையானாலும், குறுவட்டப் போட்டிக்குப் போகும் நண்பர்களே, ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதுங்கள். எழுதாதவன் நிரூபிக்க முடியாமல் தவிப்பான். தோற்க வேண்டிய ஆட்டத்தில் கிடைக்கும் அரைப் புள்ளி, அடுத்த சுற்றுக்கே கூட்டிப் போகலாம்!