கடன் ஒப்புதல் கிடைத்த பின்னர்

வங்கியிலிருந்து வீட்டுக் கடன் ஒப்புதல் கடிதம் வந்தவுடன் வீடே வந்துவிட்டதாக மகிழும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. கடிதத்தை மாதா படத்தின் அடியில் வைத்துச் செபிக்கின்றனர். பங்குத் தந்தையை அணுகி வீடு மந்திரிப்புக்கு நாளும் கேட்கின்றனர். மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும் ஒப்புதல் வேறு, பணம் வேறு. கிரயப் பத்திரம் பதிவாகும் வேளையில்தான் வங்கி பணத்தை விடுவிக்கின்றது. அதற்குள் நாம் அறியாது செய்யும் சிறு செயலாலும் ஒப்புதல் கைநழுவக்கூடும்.

அரியலூரில் சிமெண்ட் ஆலையொன்றில் பணிபுரியும் குடும்பத் தலைவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மாதச் சம்பளம் 40,000 ரூபாய். அதில் பாதிக்குமேல் தவணைகளுக்குப் போகலாகாது என்று வங்கி கணக்கிட்டு, 20 லட்சம் ரூபாய் கடனுக்கு ஒப்புதல் தந்திருக்கின்றது. அவர் மந்திரிப்பு நாளை முன்னிட்டு மோட்டார் சைக்கிளும் குளிர்பதனப் பெட்டியும் தவணையில் வாங்குகிறார். மாதத் தவணை 4,000 ரூபாய். அவ்வளவே! வீட்டுக் கடனுக்கென மீதமிருப்பது 16,000 ரூபாய்தான். கடனும் 16 லட்சமாகக் குறையும். குறைந்த 4 லட்சத்துக்கு அவர் எங்கே செல்வார்? குறித்த நாளில் கிரயத்தை முடிக்காவிடில் கொடுத்த முன்பணமும் போய்விடும் அன்றோ!

வங்கிக்கு இது எவ்வாறு தெரியும் என்று சிலர் கேட்கலாம். பணம் விடுவிக்குமுன் வங்கிகள் விண்ணப்பதாரரின் கடன் அறிக்கையை மீண்டும் பார்ப்பதுண்டு. கடன் விவரங்களைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பவேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே மறைப்பதற்கு வழியில்லை, மறைப்பது முறையுமன்று.

உறவினருக்கு ஜாமீன் கையெழுத்திடுவதும் இத்தகையதே. மைத்துனர் டிராக்டர் கடனுக்குக் கையெழுத்துக் கேட்டால் மறுப்பது கடினம். ஆனால் அந்தக் கடன் நம் கடன் அறிக்கையிலும் இடம்பெறும். “பத்திரம் பதிவாகும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று அன்போடு சொல்வதில் தவறில்லை. வேலை மாறுவதையும் அதுவரை தள்ளிவைப்பது நலம். பழைய தவணைகளை ஒரு நாளும் தவறவிடலாகாது.

கைப்பணக் கணக்கையும் முன்னரே போடவேண்டும். 25 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு வங்கி 20 லட்சம் தந்தால், நம் பங்கு 5 லட்சம் மட்டுமன்று. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆகும். அதற்கு 2,25,000 ரூபாய் வேண்டும். இக்குறையை நிரப்பத் தனிநபர்க் கடன் வாங்குவது, ஓட்டையை அடைக்க வேறோர் ஓட்டை போடுவதாகும். முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கின்றது. வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள்.

பத்திரங்களிலும் கவனம் தேவை. 1995இல் பெரம்பலூரும் 2007இல் அரியலூரும் தனி மாவட்டங்களாயின. எனவே அரியலூர்ப் பகுதியிலுள்ள ஒரே மனையின் தாய்ப் பத்திரத்தில் திருச்சி மாவட்டம் என்றும், பின்னைய பத்திரத்தில் பெரம்பலூர் மாவட்டம் என்றும், இன்றைய பட்டாவில் அரியலூர் மாவட்டம் என்றும் காணப்படலாம். அஞ்ச வேண்டுவதில்லை, கிராமமும் புல எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வேறுபாடு இருப்பின் வங்கி வழக்கறிஞரிடம் உடனே காட்டுங்கள். பதிவுக்கு முன் வில்லங்கச் சான்றிதழைப் புதிதாக எடுத்துப் பார்ப்பதும் இன்றியமையாதது.

ஒப்புதல் கடிதத்துக்குக் காலக்கெடு உண்டு. அது எந்நாள் முடிகின்றது என்று குறித்துக்கொண்டு, அதற்குள் பதிவு நடக்குமாறு விற்பவரோடு ஒப்பந்தம் செய்யுங்கள். வங்கிக் கடன் கிட்டாவிடில் முன்பணம் திரும்பத் தரப்படவேண்டும் என்ற நிபந்தனையையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகப் பெறும் உரிமை நமக்குண்டு. பிழையிருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்திக்கொள்ளலாம்.

ஒப்புதல் வந்த அன்று மாலையே கணவனும் மனைவியும் அமர்ந்து ஒரு முடிவு செய்யட்டும்: பத்திரம் கைக்கு வரும்வரை புதுக் கடனில்லை, புதுக் கையெழுத்தில்லை. கட்டிலும் பெட்டியும் பிறகு வரலாம். பழைய பாயை விரித்துப் படுத்தாலும், சொந்த வீட்டின் முதலிரவில் உறக்கம் இனிமையாகவே வரும்.