கையிருப்பில் ஒரு நாள்: ஐஸ்லாந்தைச் சுற்றி ஒரு கார்ப் பயணம்

ஐஸ்லாந்தின் வரைபடத்தில் கடலோரத்தை ஒட்டித் தீவையே வளைத்து வரும் ஒரு கோட்டைக் காணலாம். அதுதான் முதலாம் எண் நெடுஞ்சாலை. ‘வளையச் சாலை’ என்று அழைக்கப்படுகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 1,322 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மும்பை செல்லும் தொலைவுக்கு ஏறக்குறைய இணையானது. ‘இரண்டு மூன்று நாட்களில் சுற்றிவிடலாமே’ என்று நாம் கணக்கிடுவது இயல்பு. பயணத் திட்டத்தில் நேரும் முதற்பிழையும் அதுவே. அந்த நாட்டில் பயணத்தை அளக்க வேண்டியது கிலோமீட்டரால் அன்று, நாட்களால்.

தமிழ்நாட்டைவிடப் பரப்பில் சிறிய இந்நாட்டில் மக்கள்தொகை ஏறத்தாழ நான்கு இலட்சம். உட்பகுதி பெரும்பாலும் பனிப்பாறைகளும் எரிமலைகளும் நிறைந்த மேட்டுநிலம். ஆகவே ஊர்களை இணைக்கும் முதன்மை வழி இந்த வளையம் ஒன்றே. தெற்கில் பனிப்பாறை ஆறுகளின் மீது பாலங்கள் அமைக்கப்பட்ட பின்னரே, 1974ஆம் ஆண்டில், அது முழுமை பெற்றது. அப்பாலங்கள் இன்றும் இயற்கையின் தயவில்தான் நிற்கின்றன. 2011 ஜூலையில் கட்லா எரிமலைப் பகுதியிலிருந்து பெருகிய வெள்ளம் ஒரு பாலத்தை அடித்துச் சென்றது. தற்காலிகப் பாலம் அமைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று.

வளையம் ஓரிடத்தில் அறுந்தால், மறுபக்கமாகச் சுற்றி வருவதே எஞ்சும் வழி. தென்கிழக்கிலுள்ள ஹோப்ன் நகரிலிருந்து தலைநகர் ரெய்க்யாவிக்கிற்குத் தெற்கு வழியே சுமார் 460 கிலோமீட்டர். வடக்கே சுற்றினால் அது ஏறக்குறைய இரு மடங்கு. பாலம் உடைவது அரிது. ஆனால் கடுங்காற்றினாலும் பனியினாலும் சாலை சில மணி நேரம் மூடப்படுவது அரிதன்று. எனவே, விமானம் புறப்படும் நாளுக்கு முன் ஒரு நாளை எந்தத் திட்டமுமின்றிக் கையிருப்பாக வைத்துக்கொள்வது அறிவுடைமை.

எட்டு நாட்கள் கிடைத்தால் பயணத்தை இவ்வாறு பிரிக்கலாம். முதல் நாள், செல்யாலந்துஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் அருவிகளைக் கண்டு வீக் வரை சுமார் 190 கிலோமீட்டர். இரண்டாம் நாள், பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி வழியாக ஹோப்ன் வரை 270. மூன்றாம் நாள், கிழக்குக் கடற்கழிகளைச் சுற்றி எகில்ஸ்ஸ்டாதிர் வரை 250. நான்காம் நாள் மீவாட்டன் ஏரி. ஐந்தாம் நாள் கோதாஃபோஸ் அருவியைக் கண்டு அக்குரெய்ரி. இவ்விரு நாட்களும் தொலைவு குறைந்தவை. நின்று நிதானமாகக் காணலாம். ஆறாம் நாள் தலைநகருக்குச் சுமார் 390 கிலோமீட்டர். ஏழாம் நாள் திங்வெட்லிர் தேசியப் பூங்காவும் கெய்சிர் வெந்நீர் ஊற்றும். எட்டாம் நாளே நமது கையிருப்பு.

காலம் எனில் ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை உகந்தது. ஜூன் நடுவில் தலைநகரில் ஏறத்தாழ 21 மணி நேரம் பகல். டிசம்பரிலோ நான்கு மணி நேரமே.

அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. நகருக்கு வெளியே தார்ச்சாலையில் உச்ச வேகம் 90, சரளைச் சாலையில் 80 கிலோமீட்டர். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ஒருவழிப் பாலத்தை யார் முதலில் நெருங்குகிறாரோ அவருக்கே முன்னுரிமை. சாலையை விட்டு இறங்கி நிலத்தில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். வீக் அருகிலுள்ள ரெய்னிஸ்ஃபியாரா கருமணற் கரையில் அலைகள் எதிர்பாராமல் உயர்ந்து உயிர்களைப் பறித்துள்ளன. கடலுக்கு முதுகு காட்டி நிற்கலாகாது.

இனிப் பணத்திற்கு வருவோம். வாடகைக் கார் நிறுவனங்கள் வைப்புத்தொகைக்காகக் கடன் அட்டையில் ஒரு தொகையை முடக்கி வைப்பது வழக்கம். அது செலவன்று, ஆயினும் வண்டியைத் திருப்பித் தந்து முடக்கம் நீங்கும் வரை அந்த வரம்பை நாம் பயன்படுத்த இயலாது. அட்டை, வண்டி ஓட்டுபவரின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதும் பொதுவான நிபந்தனை. ஓட்டுபவர் கணவர், அட்டை மனைவியின் பெயரில் என்றால், விமான நிலையத்திலேயே பயணம் தடைப்படக்கூடும். முன்பதிவின்போதே இதை உறுதிசெய்துகொள்வது நலம்.

காப்பீட்டு ஆவணத்தையும் வரி விடாமல் படிக்க வேண்டும். காற்று வேகத்தில் கதவு பிய்ந்து போவதும், ஆற்றைக் கடக்கையில் அடிப்பாகம் சேதமுறுவதும் பொதுவாகக் காப்பீட்டில் அடங்குவதில்லை. காரை நிறுத்தியதும் கதவை இரு கைகளாலும் பற்றித் திறப்பது செலவில்லாக் காப்பீடு.

புறப்படுமுன் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் இயக்கி, பின் எண்ணையும் நினைவிற்கொள்க. ஆளில்லாப் பெட்ரோல் நிலையங்களில் அந்த எண் இன்றி எரிபொருள் கிடைக்காது. ரூபாயிலா, உள்நாட்டு நாணயமான க்ரோனாவிலா எனக் கருவி கேட்டால் க்ரோனாவைத் தெரிவதே பொதுவாகச் சிக்கனம். ஓர் அட்டை பழுதானாலும் பயணம் நிற்காதிருக்க, இரண்டாவது அட்டை ஒன்றைத் தனியே வைத்திருப்பது நன்று.

ஐஸ்லாந்துக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை நம் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே பெறலாம்.

திடீர்ச் செலவுக்கென ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருப்பது நம் இல்லங்களில் பழகிய வழக்கம். வளையச் சாலையில் அந்த எட்டாம் நாளும் அத்தகையதே. தேவைப்படாமற்போனால் வீணாகாது, ரெய்க்யாவிக்கின் வெந்நீர்க் குளமொன்றில் அதை மகிழ்வோடு செலவிடலாம்.