திகம்பரத் துறவும் ஆடையின்மையும்

திகம்பரத் துறவு என்பது சமண சமயத்தின் ஒரு பிரிவினர் ஆடையை முற்றிலும் துறந்து மேற்கொள்ளும் துறவு ஆகும். திகம்பரர் என்ற சொல்லுக்குத் திசைகளையே ஆடையாகக் கொண்டவர் என்பது பொருள். இத்துறவு தமிழகத்தில் வேரூன்றியிருந்த இடங்களுள் இன்றைய கடலூரின் பகுதியான திருப்பாதிரிப்புலியூர் குறிப்பிடத்தக்கது.

வரலாறு

உலக அமைப்பை விளக்கும் 'லோகவிபாகம்' என்னும் திகம்பர நூல் பாடலிகை என்ற ஊரில் கி.பி. 458 இல் எழுதப்பட்டது. அப்பொழுது காஞ்சியில் பல்லவ மன்னன் சிம்மவர்மன் ஆண்டான். பாடலிகை என்பது திருப்பாதிரிப்புலியூரே என ஆய்வாளர் கருதுகின்றனர். திருநாவுக்கரசர் சைவராக மாறுவதற்கு முன் இங்கிருந்த சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயருடன் வாழ்ந்தார் என்றும், பின்னர் பல்லவ மன்னன் பள்ளியை இடித்துத் திருவதிகையில் சிவன் கோயில் எழுப்பினான் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. 12ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் அரங்கேறிய இந்நூல் சைவர் நோக்கில் எழுதப்பட்டதாகும்.

ஒழுக்க விதிகள்

துறவிக்குரிய அடிப்படைக் குணங்கள் 28. அவற்றுள் ஆடையின்மையும் ஒன்று. எப்பொருளையும் உடைமையாகக் கொள்ளாமையும் நாணத்தைக் கடத்தலும் இதன் நோக்கம். சிற்றுயிர்களை மெல்ல விலக்க மயிற்பீலியும், நீருக்குக் கமண்டலமும் மட்டுமே அவர் கையில் இருக்கும். தலைமயிரைக் கையாலேயே களைவார். ஒரு நாளில் ஒரு வேளை மட்டும், நின்றபடியே, உள்ளங்கைகளில் ஏந்தி உண்பார். இல்லறத்தார் வாயிலில் காத்து நின்று, வணங்கி அழைத்து உணவளிப்பர். உணவில் மயிரோ பூச்சியோ காணப்பட்டால் துறவி அன்றைய உணவை நிறுத்திவிடுவார். இல்லறத்தார் எவரும் ஆடை துறப்பதில்லை. ஆகவே இது மேலைநாடுகளில் ஆணும் பெண்ணும் கூடிப் பழகும் ஆடையிலா வாழ்வியல் இயக்கத்தினின்றும் வேறானது.

பெண்களின் நிலை

பெண் துறவியர் ஆரியிகையர் எனப்படுவர். இவர்கள் வெள்ளைப் புடவை ஒன்றை அணிவர். ஆசாரியரை ஐந்து முழமும், உபாத்தியாயரை ஆறு முழமும், பிற துறவியரை ஏழு முழமும் விலகி நின்று வணங்க வேண்டும் என்று மூலாசாரம் என்னும் நூல் விதிக்கிறது.

ஆடை துறவாமல் வீடுபேறு இல்லை. பெண் ஆடை துறத்தல் கூடாது. எனவே பெண் ஆணாகப் பிறந்த பின்னரே வீடடைவாள் என்பது திகம்பரர் கொள்கை. சுவேதாம்பரர் இதனை மறுப்பர். 19ஆம் தீர்த்தங்கரரான மல்லி பெண்ணே என்பது அவர்கள் நம்பிக்கை. யாபனீயர் என்ற பிரிவினரோ, ஆண் துறவியர் ஆடையின்றி வாழ்ந்தபோதிலும், பெண்ணுக்கும் வீடுபேறு உண்டு என்றனர். 9ஆம் நூற்றாண்டில் சாகடாயனர் இதற்கென்றே ஒரு நூல் இயற்றினார்.

கொள்கை இவ்வாறிருப்பினும், தமிழகத்தில் பெண்கள் சமண ஆசிரியராக விளங்கினர். அவர்கள் குரத்தியர் எனப்பட்டனர். விடால் என்னும் ஊரில் உள்ள முதலாம் ஆதித்த சோழன் காலக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய 500 மாணவியரையும் குறிப்பிடுகிறது.

இக்காலம்

தமிழ்ச் சமணரின் மடம் விழுப்புரம் மாவட்டம் மேல்சித்தாமூரில் உள்ளது. அதன் தலைவரான பட்டாரகர் ஆடை அணிபவர். ஆடை துறந்த துறவு மரபுக்கு 20ஆம் நூற்றாண்டில் ஆசாரியர் சாந்திசாகரர் (1872–1955) புத்துயிர் அளித்தார். 2016 இல் தருண் சாகர் என்ற திகம்பரத் துறவி அரியானா சட்டமன்றத்தில் ஆடையின்றி உரையாற்றியபோது, பொது அவையில் இது தகுமா என்ற விவாதம் எழுந்தது.