மாத்தளைப் புகையிரதத்தின் சிற்றுரு

மலைநாட்டில் விளைந்த கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்லும் நோக்கத்துடனேயே இலங்கையில் இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. 1867ஆம் ஆண்டிற் கண்டியை அடைந்த அப்பாதை, 1880ஆம் ஆண்டில் வத்தேகம, உக்குவெல ஆகிய ஊர்களைக் கடந்து மாத்தளையை எட்டியது. தமிழகத்திலிருந்து தோட்டவேலைக்கு வந்தோர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே கால்நடையாக வந்து சேர்ந்த ஊரும் இம்மாத்தளையே. அவ்வூருக்குக் கரும்புகை கக்கி வந்த நீராவி எஞ்சின்கள், 1950களில் டீசல் எஞ்சின்கள் பெருகத் தொடங்கியபின் படிப்படியாக மறைந்தன.

அவ்வெஞ்சின்களுள் ஒன்றைச் சிற்றுருவாகச் செய்ய விரும்புவோர் என்ன செய்வர்? இலங்கை எஞ்சின்களிற் பல மான்செஸ்டர் முதலிய ஆங்கில நகரங்களிற் செய்யப்பட்டவை. ஆகவே, ஆங்கில எஞ்சின்களுக்கென விற்கப்படும் பித்தளைப் பாகத் தொகுதி ஒன்றை வாங்கி, வேறு தொகுதிகளின் உதிரிப்பாகங்களையும் சேர்த்தால் வேலை முடிந்துவிடும் எனத் தோன்றும். ஆனால் அங்கே ஒரு தடை உண்டு.

இங்கிலாந்தில் தண்டவாளங்களின் இடைவெளி 4 அடி 8½ அங்குலம். இலங்கையிலோ 5 அடி 6 அங்குலம். ஓர் அடியை 4 மில்லிமீற்றராகச் சுருக்கினால், இலங்கைப் பாதையின் அகலம் 22 மில்லிமீற்றர் ஆகும். ஆனால் அவ்வளவில் ஆங்கிலச் சிற்றுருக்கள் பெரும்பாலும் ஓடுவது 16.5 மில்லிமீற்றர் பாதையிலேயே. மாத்தளை எஞ்சினை அதில் நிறுத்தினால், பருத்த ஆள் ஒருவர் கால்களை ஒடுக்கி நிற்பது போன்றிருக்கும்.

இதற்குத் தீர்வு எளிய விதி ஒன்றில் அடங்கியுள்ளது. நீளவாட்டில் அமைந்த பாகங்களைப் பெரும்பாலும் அப்படியே கொள்ளலாம். குறுக்குவாட்டில் அமைந்தவற்றை மாற்ற வேண்டும். கொதிகலன், புகைபோக்கி, சில்லுகளை இணைக்கும் தண்டுகள் ஆகியன முதல் வகையின. அச்சுகளும், இருபக்கச் சட்டங்களை இணைக்கும் குறுக்குத் தகடுகளும் இரண்டாம் வகையின. இவற்றை நீளமாகச் செய்துகொள்ளல் வேண்டும். உருளைகளையும் அதற்கேற்ப வெளியே தள்ளிப் பொருத்தல் வேண்டும்.

புதிய அச்சிற் சில்லுகளை ஏற்றும்போதே கைத்திறன் சோதிக்கப்படுகிறது. உண்மையான எஞ்சினில், ஒரு பக்கத்துப் பிஸ்டன் தன் ஓட்டத்தின் எல்லையில் நிற்கும் கணத்தில், அதனாற் சில்லைத் திருப்ப இயலாது. அக்கணம் மறுபக்கத்துப் பிஸ்டன் நடுவழியில் நின்று வலுவோடு தள்ளும். இதன்பொருட்டே இருபக்கச் சில்லுகளும் ஒன்றுக்கொன்று 90 பாகை விலகுமாறு பொருத்தப்படுகின்றன. சிற்றுருவை ஓட்டுவது பெரும்பாலும் உள்ளே மறைந்த மின்மோட்டாரே எனினும், எல்லா அச்சுகளிலும் இக்கோணம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஓர் அச்சிற் சிறிது பிசகினாலும் இணைப்புத் தண்டுகள் இறுகி எஞ்சின் நின்றுவிடும்.

கடுகண்ணாவையில் 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புகையிரத அரும்பொருட்காட்சிச்சாலையிற் பழைய எஞ்சின்களை நேரிற் காணலாம். வாங்கிய தொகுதி எவ்வளவு நேர்த்தியாயினும், அது வேறொரு நாட்டின் எஞ்சினையே தரும். அதனை மாத்தளை எஞ்சினாக்குவது கூடுதலாகச் சேர்க்கும் அந்த ஐந்தரை மில்லிமீற்றரே. அந்த அளவைப் பொருட்படுத்தாதவர் அழகிய விளையாட்டுப் பொருளொன்றைப் பெறுவார். பொருட்படுத்துபவரோ தம் ஊரின் வரலாற்றில் ஒரு துண்டைக் காப்பாற்றியவராவார்.