எத்தனை ஓட்டு வித்தியாசம்?

2021 ஏப்ரல் 6 அன்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். எண்ணிக்கை மே 2. நடுவில் இருந்த நாட்களில் மேற்குத் தாம்பரத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் ஒரே பேச்சுதான். யார் ஜெயிப்பார் என்று அங்கே யாரும் கேட்டதாக நினைவில்லை. “எவ்ளோ லீடுண்ணே?” என்பதுதான் கேள்வி. இருபதாயிரம் என்றார் ஒருவர். “பத்தைத் தாண்டாது, எழுதி வெச்சுக்கோ” என்றார் எதிர்த்தரப்பில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்து எழுந்து வந்தவர். பந்தயம் ஐந்து பிரியாணி. முடிவு வந்தபோது தி.மு.க.வின் எஸ்.ஆர்.ராஜா, அ.தி.மு.க.வின் டி.கே.எம்.சின்னய்யாவை 36,824 வாக்குகளில் வென்றிருந்தார். இரண்டு பேர் கணக்கும் தப்பு. ஊரடங்கு தளர்ந்த பிறகு இருவரும் ஆளுக்குப் பாதி போட்டுப் பிரியாணி வாங்க, கடையில் இருந்த எல்லோரும் சாப்பிட்டோம்.

அந்தப் பந்தயத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, இன்றைக்கும். தோற்றவரும் ஜெயித்தவரும் மறுநாள் அதே பெஞ்சில்தான் உட்காரப்போகிறார்கள். என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இதே “எவ்ளோ லீடு” என்ற கேள்வியை, முகம் தெரியாத லட்சக்கணக்கானவர்கள் பணம் வைத்து விளையாடும் சந்தையாக மாற்றிவிட்டது கணிப்புச் சந்தை எனப்படும் புதிய வியாபாரம்.

அதன் அடிப்படை எளிது. ‘இன்னார் ஜெயிப்பார்’ என்பது ஒரு சீட்டு. நடந்தால் அதற்கு ஒரு டாலர், நடக்காவிட்டால் பூஜ்யம். அந்தச் சீட்டு இன்றைக்கு 62 சென்ட்டுக்குக் கைமாறுகிறது என்றால், நடக்க 62 சதவீத வாய்ப்பு இருப்பதாகக் கூட்டம் நம்புகிறது என்று பொருள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1988இல் இதை ஆராய்ச்சிக்காகத் தொடங்கியது. ஒருவர் அதிகபட்சம் 500 டாலர்தான் போடலாம் என்று வரம்பு வைத்தார்கள். 2024இல் டிரம்ப் வென்ற அதிபர் தேர்தலில், பாலிமார்க்கெட் தளத்தில் யார் அதிபர் என்ற ஒரு கேள்வியில் மட்டும் கைமாறிய தொகை 360 கோடி டாலருக்கு மேல். ‘தியோ’ என்ற புனைபெயரில் ஆடிய ஒரு பிரெஞ்சுக்காரர் சுமார் எட்டரைக் கோடி டாலர் லாபம் பார்த்தார். அவர் சொந்தச் செலவில் எடுத்த கருத்துக்கணிப்பில் “நீங்கள் யாருக்குப் போடுவீர்கள்” என்பதைவிட “உங்கள் அக்கம்பக்கத்தார் யாருக்குப் போடுவார்கள்” என்ற கேள்வியைத்தான் நம்பினார். நம் டீக்கடைக்காரர் முப்பது வருடமாக “உங்க தெருவுல எப்படி?” என்று கேட்டுக்கொண்டிருப்பதும் அதுதான். கூட்டத்தின் அறிவு என்று ஒன்று இருக்கிறது, நான் மறுக்கவில்லை.

ஆனால் வித்தியாசத்தின் மீது ஏன் சந்தை வைக்கிறார்கள்? எங்கள் ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியைப் பாருங்கள். தாம்பரமும் பல்லாவரமும் அதில்தான் வருகின்றன. 2019இல் டி.ஆர்.பாலு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். 2024இல் ஐந்து லட்சத்தை நெருங்கிய வித்தியாசம். இங்கே யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்ட எதிராளி கிடைக்கமாட்டார். நாலரை லட்சமா, ஐந்து லட்சமா என்றால் உடனே கிடைப்பார். முடிவு தெரிந்த இடத்திலும் சூதை உயிரோடு வைத்திருக்க வித்தியாசம் வேண்டியிருக்கிறது. அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலை வைத்துவிடுவார்கள்.

அந்தக் கட்டங்களின் எல்லைக்கோட்டில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வேளச்சேரியை எடுத்துக்கொள்வோம். 2021இல் காங்கிரஸின் ஜே.எம்.எச்.ஹசன் மௌலானா அங்கே 4,352 வாக்குகளில் வென்றார். அந்தத் தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் இருசக்கர வாகனத்தில் கொண்டு செல்லப்பட்டதைப் பொதுமக்களே பிடித்து, 92ஆம் எண் வாக்குச்சாவடியில் ஏப்ரல் 17 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது நினைவிருக்கும். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். ‘ஐந்தாயிரத்துக்குக் கீழ்’, ‘ஐந்தாயிரமும் அதற்கு மேலும்’ என்று இரண்டு கட்டம் இருந்திருந்தால்? தோற்றவருக்குப் போன ஓட்டில் 324 மட்டும் ஜெயித்தவர் பக்கம் மாறியிருந்தால் வித்தியாசம் சரியாக 5,000 ஆகியிருக்கும். ஓட்டுக்கு 2,000 ரூபாய் என்று வைத்தாலும் செலவு ஆறரை லட்சத்தைத் தொடாது. மேல்கட்டத்தில் கோடிக்கணக்கில் பணம் போட்டிருப்பவருக்கு அது சில்லறை. அதே தொகுதியில் வெற்றியாளரையே மாற்ற வேண்டுமானால் 2,177 பேரை மாற்ற வேண்டும். அதற்குள் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. வெற்றியாளரை மாற்ற முயன்றால் தோற்றவர் கூச்சல் போடுவார், வழக்குப் போடுவார். வித்தியாசத்தை மட்டும் அசைத்தால் யாருக்கும் வலிக்காது. ஜெயித்தவர் ஜெயித்தவர்தான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 100ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். தகுதியில்லாத ஓட்டை ஏற்றார்கள், சரியான ஓட்டைத் தள்ளினார்கள் என்று வழக்குப் போட்டால், அதனால் தேர்தலின் முடிவே பாதிக்கப்பட்டது என்று காட்டியாக வேண்டும். ராதாபுரத்தில் 2016இல் 49 ஓட்டில் தோற்ற அப்பாவு, தள்ளப்பட்ட தபால் ஓட்டுகளுக்காக நீதிமன்றம் போனார், 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மறு எண்ணிக்கையும் நடந்தது. ஆயிரக்கணக்கான ஓட்டில் தோற்றவருக்கு அந்தக் கதவு திறப்பது கடினம். கடைசி ரவுண்டுகள் வருவதற்குள் தோற்கும் தரப்பு ஏஜென்டுகள் எழுந்து போய்விடுவதை எண்ணும் மையத்துக்கு ஒருமுறை போனவர்களும் பார்த்திருப்பார்கள். காலியான அந்த நாற்காலிகளுக்கு முன்னால்தான் வித்தியாசம் முடிவாகிறது.

எங்கள் பக்கம் தேர்தல் பணம் எப்படிப் பயணிக்கும் என்பது தெரியாத விஷயமா? 2024 ஏப்ரல் 6 இரவு தாம்பரம் ரயில் நிலையத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் சுமார் நான்கு கோடி ரூபாய் பிடிபட்டது. ஜெயிப்பதற்கான பணமே இப்படி ஓடுகிறது. இதன்மேல், ஜெயிப்பதில் அக்கறையே இல்லாமல் எண்ணிக்கையில் மட்டும் அக்கறை உள்ள ஒருவரின் பணமும் சேர்ந்தால் பறக்கும் படை எந்த வேட்பாளரைத் தேடிப் போகும்? அவர் எந்தக் கட்சியிலும் இருக்கமாட்டார். இந்த நாட்டிலேயே இல்லாமல் இருக்கலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. தமிழ்நாடு 2022இலேயே ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023இல்தான் ஒப்புதல் வந்தது. 2025 ஏப்ரலில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு, ‘ஆம்–இல்லை’ என்று கருத்தின் மீது பணம் வைக்கச் சொல்லும் தளங்கள் பற்றி முதலீட்டாளர்களை எச்சரித்தது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் பண விளையாட்டுகளுக்கே தடை போட்டது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அதைச் சரி என்றே நினைக்கிறேன், பணத்தை இழந்தவனைச் சிறைக்கும் அனுப்புவது இரட்டை அடி.

சிட்லபாக்கத்தில் எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன், ஓ.எம்.ஆரில் வேலை, 2024இல் அமெரிக்கத் தேர்தலுக்கு வெளிநாட்டுத் தளம் ஒன்றில் கிரிப்டோ வழியாகப் பணம் வைத்தான். “அங்கிள், இது சூது இல்ல, ப்ராபபிலிட்டி” என்றான். யார் ஜெயிப்பார் என்பதைச் சரியாகச் சொன்னான், லாபம் வந்தது. அதை அப்படியே வித்தியாசக் கட்டத்தில் போட்டு மொத்தத்தையும் விட்டான். சின்னத் தொகைதான். ஆனாலும் அன்று இரவு அவன் அம்மா எனக்குப் போன் செய்தபோது குரல் உடைந்திருந்தது. கட்டத்தைத் தவறவிட்டால் நூலளவில் தவறினாலும் பூஜ்யம்தான் என்பது அவனுக்குப் புரிந்த விதம் அது.

தேர்தல் ஆணையம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை எக்ஸிட் போல் வெளியிட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு தடை விதிக்கிறது. 2024இல் நாம் ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டோம். கடைசிக் கட்டம் ஜூன் 1. அந்த ஆறு வாரமும் எந்த டி.வி.யும் எண்ணைச் சொல்ல முடியாது. ஒரு சந்தையின் திரையில் மட்டும் அந்த எண் ‘விலை’ என்ற பெயரில் நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருக்கலாம்; அந்தப் பிரிவில் விலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைச் சேர்க்கும்படி ஆணையம் கேட்க வேண்டும். தொகுதி வாரியான வித்தியாசத்தின் மீது வைக்கப்படும் எந்தச் சந்தையையும், எந்த நாட்டிலிருந்து நடத்தினாலும், தேர்தல் அறிவிப்பு வரும் நாளிலேயே முடக்கும்படி கேட்க வேண்டும்.

தியாகராய நகரில் 2021இல் ஜெ.கருணாநிதி வென்ற வித்தியாசம் 137. மின்சார ரயிலின் ஒரு பெட்டியில் காலையில் தாம்பரத்தில் ஏறும் கூட்டம் அதைவிட அதிகம்.