அருகம்புல்லுக்கு ராஜமரியாதை

களை என்றால் என்னவென்று வகுப்பில் கேட்டால், பயிருக்கு நடுவே முளைக்கும் வேண்டாத செடி என்று பிள்ளைகள் தயங்காமல் விடை சொல்லிவிடுவார்கள். யாருக்கு வேண்டாத செடி என்று மறுபடி கேட்டால்தான் வகுப்பில் மௌனம் நிலவும். இந்த இரண்டாவது கேள்வியை ஆராய்வதற்குக் கோல்ப் மைதானத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் உலகத்தில் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

1977-ஆம் வருஷத்தில் லீராய் ஹோம் என்ற அமெரிக்க சாஸ்திரியும் அவருடைய சகாக்களும் உலகத்தின் மிகக் கொடிய களைகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்கள். அதிலே முதல் ஸ்தானம் கோரைக்கு. குடியானவர் யாரும் இதை மறுக்கமாட்டார். ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்தால் கீழே சங்கிலிபோல் நாலு கிழங்கு காத்திருக்கும். இரண்டாவது ஸ்தானம் எதற்குத் தெரியுமா? பிள்ளையாருக்கு நாம் சாத்துகிற அருகம்புல்லுக்கு! ஐந்தாவது ஸ்தானம் நம் கேழ்வரகுக்கு மிக நெருங்கிய காட்டுச் சொந்தமான ஒரு புல்லுக்கு. அமெரிக்காவில் அதை வாத்துப்புல் என்று சொல்லுகிறார்கள்.

இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் தென் மாகாணங்களில் உள்ள ஒரு கோல்ப் மைதானத்துக்குள் நேயர்கள் பிரவேசிக்க வேண்டும். அங்கே கோரை விரோதி. வாத்துப்புல் பரம விரோதி. ஆனால் அருகம்புல்லோ அரசன்! "பெர்முடா புல்" என்று பெயர் சூட்டி, உரமிட்டு, நீர் பாய்ச்சி, நாள்தோறும் சிகை திருத்தி, அதற்குத் தொண்டு செய்வதற்காகவே ஒரு பரிவாரத்தைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஜார்ஜியா மாகாணத்தில் டிப்டன் என்னும் சிற்றூரில் கிளென் பர்ட்டன் என்ற நிபுணர், அருகையும் அதன் ஆப்பிரிக்க உறவான மற்றொரு புல்லையும் கலந்து புதுப் புதுச் சாதிகளை உண்டாக்கினார். 1960-இல் அவர் வெளியிட்ட "டிப்வே" என்ற சாதி உலகமெங்கும் பரவியது. அதற்கு விதை கிடையாது. தண்டைக் கிள்ளித்தான் நடவேண்டும். அருகுபோல் வேரோடி வாழவேண்டும் என்று மணமக்களை வாழ்த்துகிற நமக்கு அதன் வேரோடும் திறமையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னும் வேடிக்கை உண்டு. வடக்கே சற்றுக் குளிர்ந்த பிரதேசங்களில் பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள "கிரீன்" என்ற பகுதியில் பென்ட் என்ற மெல்லிய புல்லை வளர்க்கிறார்கள். அந்தப் புல்லுக்குள் பக்கத்திலிருந்து அருகு ஊர்ந்து நுழைந்தால் அதுவே அங்கே களை. ஒரே மைதானத்தில் பத்தடி தூரத்துக்குள் அரசனும் திருடனும் ஒரே புல்தான்!

கோல்ப் மைதானத்தில் களை இத்தனை பெரிய பிரச்னையாக இருப்பதற்குக் காரணம் அந்த விளையாட்டின் தன்மை. கிரீனில் புல்லின் உயரம் சுமார் மூன்று மில்லிமீட்டர். அதாவது இரண்டு மூன்று காசுகளை அடுக்கிவைத்த உயரம். அந்தத் தரையில் பந்து, கண்ணாடிமேல் உருள்வதுபோல் உருள வேண்டும். புல்லின் இயல்பான உயரத்தைப் பறித்துக்கொண்டு, அதன்மேல் தினந்தோறும் நூறு பேர் நடந்தால் மண் இறுகும், புல் மெலியும், இடைவெளி விழும். இறுகிய மண்ணில் மற்றப் புற்கள் வருந்தும்போது வாத்துப்புல் மட்டும் கொண்டாட்டமாக முளைக்கிறது. நம் ஊர் ஒற்றையடிப் பாதைகளின் ஓரத்தில் தட்டையாகப் படர்ந்து, நடுவில் வெண்மையாகத் தோன்றும் புல்லைப் பார்த்திருப்போர் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். மிதிபடுவதே அதற்கு ஆகாரம் போலும்.

"போவா அன்னுவா" என்ற சிறு புல் இன்னும் சாமர்த்தியசாலி. மூன்று மில்லிமீட்டரில் வெட்டினாலும் அந்த உயரத்துக்குள்ளேயே பூத்து விதை விட்டுவிடும். கத்தி மேலே போய்க்கொண்டிருக்கக் கீழே அது குடும்பம் நடத்தும்.

முளைத்த பிறகு போரிடுவதைவிட முளைக்காமல் தடுப்பது மேல் என்பது மைதானக் காரியஸ்தர்களின் பழைய கொள்கை. வசந்த காலத்தில் மண்ணின் உஷ்ணம் சுமார் 13 டிகிரி சென்டிகிரேடை எட்டும்போது நண்டுப்புல் விதை கண் திறக்கிறது. வாத்துப்புல் அதற்குச் சில வாரங்கள் பிந்தி வருகிறது. அதற்கு முன்பே மருந்து மண்ணில் ஒரு மெல்லிய திரைபோல் படிந்திருக்க வேண்டும். முந்தினால் மருந்து வீரியமிழக்கும். பிந்தினால் விதை தப்பிவிடும். இப்பொழுது மண்ணில் செருகும் உஷ்ணமானிகள் வந்துவிட்டன. ஆயினும் பார்சிதியா என்ற மஞ்சள் பூச்செடி பூப்பதைக் கண்டு நாள் குறிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆடிக் காற்றைக் கண்டு விதைக்கிற நமக்கு இந்தப் பஞ்சாங்கம் அந்நியமாகத் தோன்றாது.

இனி மருந்துகளின் கதைக்கு வருவோம். இதுவரை சொன்னது விளையாட்டு. இனிமேல் சொல்வது அப்படியல்ல.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயத்தில் 2,4-டி என்ற ரசாயனம் கடைக்கு வந்தது. அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொன்று புல்லை விட்டுவிடும் அதன் குணம் அப்போது ஓர் அற்புதமாகவே கருதப்பட்டது. ஆனால் புல்லுக்கு நடுவே இருக்கும் புல்லைக் கொல்வதெப்படி? அதற்கு அகப்பட்டது பாஷாணம். எம்.எஸ்.எம்.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் மருந்து பாஷாணச் சேர்க்கையால் ஆனது. விலை சொற்பம், நண்டுப்புல், வாத்துப்புல் இரண்டுக்கும் யமன், அருகம்புல்லோ நாலு நாள் மஞ்சளித்துவிட்டு எழுந்துவிடும். ஆகவே பல பத்து வருஷங்கள் தாராளமாய்த் தெளித்தார்கள்.

பாஷாணம் ஒரு மூலகம். மற்ற மருந்துகள்போல் அது சிதைந்து மறைந்துபோக முடியாது. ரூபம் மாத்திரம் மாறும். மருந்தில் உள்ள ரூபம் ஓரளவு சாது. மண்ணிலுள்ள கிருமிகள் அதைக் கொடிய ரூபமாக மாற்றிவிடுகின்றன. புளோரிடா மாகாணத்தின் தரை மணற்பாங்கானது; சிறிது ஆழத்திலேயே ஊற்று நீர்; அதையே ஜனங்கள் குடிக்கிறார்கள். மியாமி வட்டாரத்தில் சில பொது கோல்ப் மைதானங்களின் நிலத்தடி நீரைச் சோதித்தபோது அதில் பாஷாணம் மிகுந்திருக்கக் கண்டார்கள். அமெரிக்க சர்க்கார் குடிநீரில் அனுமதிக்கும் பாஷாணத்தின் அளவை நூறு கோடியில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்து 2001-இல் விதி செய்து, 2006-இலிருந்து அமுலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். 2009-இல் அவர்களுடைய சுற்றுப்புறப் பாதுகாப்பு இலாகா மருந்துக் கம்பெனிகளுடன் ஓர் உடன்படிக்கைக்கு வந்தது. வீட்டுப் புல்தரைகளில் எம்.எஸ்.எம்.ஏ. கூடாது, கோல்ப் மைதானங்களில் களை உள்ள இடத்தில் மட்டும், ஒரு திட்டுக்கு 100 சதுர அடிக்கு மேற்படாமல், வருஷத்துக்கு மைதானத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாமல் தெளிக்கலாம் என்பது ஏற்பாடு. புளோரிடாவின் மைதானங்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை.

ஒருவன் வீட்டு வாசலில் தெளிக்கக்கூடாத விஷத்தை அவன் பந்தடிக்கும் இடத்தில் தெளிக்கலாம் என்பதன் நியாயம் நமக்கு விளங்கவில்லை. காரியஸ்தர்கள் பரீட்சை தேறியவர்கள், அளந்து தெளிப்பார்கள் என்பது அதற்குச் சொல்லும் சமாதானம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஊற்று நீர் எவருடைய நற்சாட்சிப் பத்திரத்தையும் வாசிப்பதில்லையே!

கானடாவிலும் இதே வித்தியாசம் உண்டு. க்யூபெக்கில் ஹட்ஸன் என்ற சிற்றூர், அலங்காரத்துக்காகப் பூச்சி மருந்தும் களை மருந்தும் தெளிக்கக்கூடாதென்று 1991-இல் விதி செய்தது. மருந்து தெளிக்கும் கம்பெனிகள் வழக்காடின. 2001-இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. ஊர்ச் சபை ஒன்று பெரிய கம்பெனிகளை எதிர்த்து நின்று ஜயித்த அந்த வழக்கைப் பிறகு பல ஊர்கள் பின்பற்றின. 2009-இல் ஒண்டேரியோ மாகாணம் முழுவதும் வீட்டுப் புல்தரைகளுக்குத் தடை வந்தது. கோல்ப் மைதானங்களுக்கு விலக்களித்தார்கள். ஆனால், எந்த மருந்து, எவ்வளவு என்று வருஷந்தோறும் கணக்கு எழுதி வெளியிட வேண்டுமென்று நிபந்தனையும் சேர்த்தார்கள். விலக்கு நமக்குப் பிடிக்கவில்லை, கணக்குப் பிடித்திருக்கிறது.

பாஷாணத்துக்குப் பதிலாக வந்த புதுச் சரக்குகளெல்லாம் சாது என்று நினைப்பதற்குமில்லை. டூபாண்ட் கம்பெனியாரின் "இம்ப்ரெலிஸ்" 2010-இல் அனுமதி பெற்றது. சொற்ப அளவே போதும், மனிதருக்கும் பிராணிகளுக்கும் பாதகம் குறைவு என்று காரியஸ்தர்கள் ஆவலோடு வாங்கினார்கள். 2011 வசந்தத்தில் புல்தரையில் தெளித்தார்கள். களை மடிந்தது. கோடை வருவதற்குள் பக்கத்திலிருந்த ஸ்ப்ரூஸ் மரங்களும் வெள்ளைப் பைன் மரங்களும் நுனி கருகித் தலை சாய்ந்தன. மருந்து மண்வழியே வேருக்குள் போய்விட்டது. ஆகஸ்டு மாதத்தில் சர்க்கார் விற்பனையை நிறுத்தி உத்தரவிட்டார்கள். கம்பெனியார் நஷ்ட ஈடு கொடுத்தார்கள். 2014-இல் சுமார் 18.5 லட்சம் டாலர் அபராதமும் கட்டினார்கள். ஆனால் ஒரு தலைமுறை நிழல் கொடுத்த மரத்துக்கு எந்த நாணயத்தில் ஈடு கொடுப்பது?

டாக்தால் என்ற மருந்தின் சரித்திரம் இன்னும் மனத்தை உறுத்துவது. 1958 முதல் புழக்கத்திலிருந்த அது, காய்கறித் தோட்டங்களிலும் புல்தரைகளிலும் விதை முளைக்காமல் தடுப்பதற்காகப் பயன்பட்டது. கர்ப்பிணிகளின் உடம்பில் அது சேர்ந்தால் கருவிலுள்ள சிசுவின் தைராய்டு சுரப்பு கெடக்கூடும் என்று வெகு தாமதமாகத் தெரியவந்தது. 2023-இன் இறுதியில் புல்தரை உபயோகத்தைக் கம்பெனியாரே கைவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் அமெரிக்க இலாகா எல்லா உபயோகத்தையும் அவசர உத்தரவால் நிறுத்தியது. ஏறக்குறைய நாற்பது வருஷங்களில் அப்படிப்பட்ட அவசர உத்தரவு அதுவே முதல் தடவை. ஒரு மருந்தை விற்க ஆரம்பித்து, அது கருவிலுள்ள சிசுவை என்ன செய்யுமென்று நிச்சயப்படுத்திக்கொள்ள அறுபது வருஷத்துக்கு மேல் பிடித்ததென்றால், சோதனை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பமாகிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு வேறொரு வழக்கும் நினைவுக்கு வருகிறது. காலிபோர்னியாவில் பள்ளிக்கூட மைதானங்களில் கிளைபோஸேட் மருந்து தெளித்து வந்த ஊழியர் ஒருவர் புற்றுநோய்க்கு ஆளாகி வழக்குத் தொடர்ந்தார். 2018-இல் ஜூரிகள் 28.9 கோடி டாலர் கொடுக்கும்படி தீர்ப்புச் சொன்னார்கள். அப்பீலில் அது 2020-இல் 2.05 கோடியாகக் குறைந்தது. அம்மருந்து புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015-இல் சொன்னது. அமெரிக்க இலாகா அவ்விதம் கருதவில்லை. சாஸ்திரிகளின் வாதம் முடியட்டும். தோளில் கருவியை மாட்டிக்கொண்டு மருந்துப் புகைக்குள் நடப்பவர் சாஸ்திரியுமல்ல, பந்தடிப்பவருமல்ல, கூலிக்கு வேலை செய்யும் மனிதர் என்பதை மாத்திரம் இங்கே குறிப்பிடுகிறோம்.

இத்தனை விஷத்துக்கும் களை அடங்கிற்றா என்றால் அதுவும் இல்லை. குளிர்காலத்தில் அருகு போன்ற புற்கள் வைக்கோல் நிறமாகி உறங்கும். போவா அப்போதுதான் பச்சைப்பசேலென்று எழும். உறங்கும் புல்லைக் கிளைபோஸேட் தொடாது. விழித்திருக்கும் களையைக் கொல்லும். நல்ல யுக்திதான்! மிஸ்ஸோரி மாகாணத்தில் ஒரு கோல்ப் மைதானத்தில் பத்து வருஷத்துக்கு மேல் இந்த யுக்தியையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். சாகாமல் தப்பிய ஒன்றிரண்டு செடிகளின் வம்சமே பெருகி, மருந்துக்கு மசியாத போவா அங்கே நிலைத்துவிட்டதென்று 2011-இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். வாத்துப்புல்லோ இதில் மூத்த அனுபவசாலி. 1973-இலேயே தென் கரோலினாவின் பருத்தி வயல்களில் முளை தடுக்கும் மருந்தை ஜீரணித்துக்கொண்டது. 1997-இல் மலேசியாவில் கிளைபோஸேட்டையும் வென்றது.

2018-இல் பல பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி, மருந்துக்கு மசியாத போவாவைப் பற்றி நாடளாவிய ஓர் ஆராய்ச்சி தொடங்கின. அதற்குத் தலைமை வகித்தவர் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முத்து பகவதியண்ணன். பெயரைப் பார்த்ததும் நேயர்களின் முகம் மலர்ந்திருக்கும். ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளிக்காதே; ஒரு செடி தப்பினாலும் கையால் பிடுங்கு; இறுகிய மண்ணைத் துளைத்துக் காற்றாட விடு; நீரைக் குறை; புல்லை அடர்த்தியாக வளரவிடு. இத்தகைய யோசனைகளைத்தான் இன்று களை நிபுணர்கள் காரியஸ்தர்களுக்குச் சொல்லிவருகிறார்கள். கையில் கத்தியுடன் குனிந்து களையெடுப்பது மறுபடியும் கௌரவமான வேலையாகிவருகிறது. இருபது ஏக்கர் முழுவதும் தெளிப்பதற்குப் பதிலாக, களையை அடையாளங் கண்டு அதன்மேல் மட்டும் துளி விடுகிற யந்திரங்களையும் பரீட்சித்து வருகிறார்கள்.

பென்ஸில்வேனியாவில் உள்ள ஓக்மாண்ட் மைதானத்தார் வேறு மார்க்கம் கண்டார்கள். போவாவை ஒழிப்பதை விட்டு, அதையே கிரீனில் பயிராக்கிச் சீராட்டுகிறார்கள். காலிபோர்னியாவின் பெபிள் பீச்சிலும் அப்படியே. 2025 ஜூன் மாதத்தில் அமெரிக்க ஓபன் பந்தயம் பத்தாவது தடவையாக ஓக்மாண்டில் நடந்தபோது, உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பதறிப்பதறிப் பந்தைத் தட்டியது மற்ற மைதானத்தார் கத்தியும் விஷமும் கொண்டு துரத்துகிற அந்தப் புல்லின் மேல்தான்.