தொலைபேசி மென்பொருளில் மௌனம் கண்டறிதல்

மௌனம் கண்டறிதல் என்பது, தொலைபேசி இணைப்பில் ஒலி வருகிறதா இல்லையா என மென்பொருள் முடிவு செய்யும் முறையாகும். குரலஞ்சலில் நாம் பேசி முடித்ததும் பதிவு தானாக நிற்பது இதனால்தான்.

செயல்படும் முறை

வழக்கமான தொலைபேசிக் குரல் நொடிக்கு 8000 முறை அளக்கப்பட்டு எண்களாக மாறுகிறது. 20 மில்லிநொடித் துண்டில் 160 எண்கள் இருக்கும். மார்க் ஸ்பென்சர் 1999 இல் உருவாக்கிய ஆஸ்டெரிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருள், இவ்வெண்களின் கூட்டல், கழித்தல் குறிகளை நீக்கிச் சராசரி காண்கிறது. குறிகளை நீக்காவிட்டால் நேர் எண்களும் எதிர் எண்களும் ஒன்றையொன்று ஈடுசெய்து, உரத்த பேச்சுக்கும் சராசரி சுழியை நெருங்கிவிடும். சராசரி ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் அத்துண்டு மௌனம், இல்லையேல் ஒலி. இவ்வெல்லை இயல்பாக 256. எண்களின் உச்சம் 32,767.

ஒரு துண்டை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. 'அப்பா' என்று சொல்லிப் பாருங்கள். 'ப்' வரும்போது உதடுகள் மூடி, ஒலி ஒரு கணம் நிற்கும். ஆகவே அடுத்தடுத்து வரும் மௌனத் துண்டுகளின் நேரம் கூட்டப்படுகிறது. அது குறித்த நொடிகளை எட்டினால் பதிவு நிற்கும். இடையில் ஒலி வந்தால் கணக்கு சுழியிலிருந்து மீண்டும் தொடங்கும்.

குறைபாடு

இம்முறை ஒலியின் அளவை மட்டுமே அறியும். அது பேச்சா இரைச்சலா என அறியாது. மின்விசிறி இரைச்சல் எல்லையைத் தாண்டினால் பதிவு முடியாமல் நீளும். அதைத் தவிர்க்க எல்லையை மிகவும் உயர்த்தினால், மெல்லிய குரலில் பேசும் முதியவரின் சொற்களும் மௌனமாகிவிடும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பதிவு நின்றுவிடும். எனவே எல்லையை மாற்றுவோர், உரத்த குரலோடு மெல்லிய குரலையும் பதிந்து சோதிக்க வேண்டும்.